பந்தயத் தடத்தில் பசுமை எரிபொருள்: செந்தூல் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர், செந்தூலில் எனக்கு ஒரு சிறிய வாகனப் பட்டறை இருக்கிறது. செப்பாங் பந்தயத் தடத்தில் பல ஆண்டுகள் மார்ஷலாகவும் நின்றிருக்கிறேன். கொடி காட்டுவதும், நின்றுபோன வண்டியைத் தள்ளி ஓரங்கட்டுவதும், தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் மார்ஷலின் வேலை. மின்சாரக் கார்களும் புதுவகை எரிபொருள்களும் பந்தயத்துக்குள் வந்த பிறகு, பட்டறைக்கு வண்டியோடு வருகிறவர்கள், ஒட்டுக்கடையில் பக்கத்து மேசையில் தே தாரே குடிப்பவர்கள், தமிழ்ப்பள்ளி மாணவர்கள் என்று பலரும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். வாய்வழியாகச் சொல்லி வந்ததை இப்போது எழுதி வைக்கிறேன்.

மோட்டார் பந்தயத்தில் பசுமைத் தொழில்நுட்பத்துக்கு இடம் உண்டா, இல்லையா?

உண்டு. இருக்கட்டும் என்று அரைமனதோடு இதைச் சொல்லவில்லை. கையிலிருக்கும் ஆற்றலை வைத்து யார் அதிக வேகம் எடுக்கிறார்கள் என்பதுதான் கார்ப் பந்தயம் பிறந்த நாளிலிருந்து நடக்கும் போட்டி. அந்த ஆற்றல் பெட்ரோலாக இருக்கலாம், சாராயமாக இருக்கலாம், மின்சாரமாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: அந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது, யார் நிலத்தில் விளைந்தது, அதைக் கொண்டுவர எவ்வளவு எரிந்தது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வண்டியின் மேல் பச்சை இலைப் படம் ஒட்டினால் மட்டும் போதாது.

வேகத்துக்கான விளையாட்டில் சிக்கனத்துக்கு என்ன வேலை, அண்ணா?

இந்தக் கேள்வியைக் கேட்காத இளைஞன் இல்லை. தம்பி, இயந்திரத்துக்குள் எரியும் பெட்ரோலில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வீணாகிறது. சாலையில் ஓடும் சாதாரண பெட்ரோல் காரின் இயந்திரம் தன் உச்சத் திறனிலேயே எரிபொருளின் ஆற்றலில் 30 முதல் 40 விழுக்காட்டைத்தான் வேலையாக மாற்றுகிறது. மிச்சம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் காற்றில் போய்விடும். வீணாகும் அந்தப் பங்கை மீட்கிறவன் எரிபொருளையும் மிச்சம் பிடிப்பான், வேகத்தையும் கூட்டுவான்.

2014இல் ஃபார்முலா ஒன் இதைச் செய்து காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு வரை ஒரு கார் ஒரு பந்தயத்துக்குச் சுமார் 150 கிலோ பெட்ரோலைக் குடித்தது. 2014இல் 100 கிலோவுக்கு மேல் எரிக்கக் கூடாது என்று விதி வந்தது. இயந்திரத்தின் கொள்ளளவு 2.4 லிட்டரிலிருந்து 1.6 லிட்டராகக் குறைந்தது. அதனுடன் டர்போவும், பிரேக் போடும்போது மின்சாரம் தயாரிக்கும் மோட்டாரும், புகையின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் இன்னொரு மோட்டாரும் சேர்ந்தன. மூன்றில் ஒரு பங்கு எரிபொருளைப் பிடுங்கிய பிறகும் கார்கள் பந்தய தூரத்தை முடித்தன. அடுத்த சில ஆண்டுகளில் முன்பைவிட வேகமாகவும் ஓடின. 2017இல் மெர்சிடிஸ் அணி தன் இயந்திரம் சோதனைக் கூடத்தில் 50 விழுக்காட்டுத் திறனைத் தாண்டியதாக அறிவித்தது. எரியும் பெட்ரோலில் பாதிக்கு மேல் வேலையாக மாறுகிறது என்று பொருள். முப்பது ஆண்டுகளாக இயந்திரங்களைப் பிரித்துக் கோத்து வரும் எனக்கு, எந்தக் கோப்பையையும்விட அந்தச் செய்திதான் பெரிதாகப் பட்டது.

சிக்கனமே போட்டியாக நடந்ததையும் செப்பாங் பார்த்திருக்கிறது. 2010இல் ஆசியாவின் முதல் ஷெல் இகோ மாரத்தான் அங்கேதான் நடந்தது. கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய சிறு வண்டிகளோடு வந்தார்கள். மிகக் குறைந்த எரிபொருளில் மிகத் தொலைவு போகிறவருக்குத்தான் வெற்றி.

மாற்று எரிபொருள் என்பதே இப்போது வந்த மோகம்தானே?

இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய முதல் கார் மின்சாரக் கார்தான். 1899 ஏப்ரல் 29 அன்று பெல்ஜியத்தைச் சேர்ந்த கமில் ஜெனாட்சி பிரான்சில் அதை ஓட்டினார். எட்டிய வேகம் 105.88 கிலோமீட்டர். அப்போது செப்பாங் வெறும் காடு.

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் 1964இல் பெட்ரோல் தீப்பிடித்து இரண்டு ஓட்டுநர்கள் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே மெத்தனாலுக்கு மாறினார்கள். தண்ணீர் ஊற்றினாலே மெத்தனால் தீ அணையும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது. 1981இல் அதே இடத்தில் எரிபொருள் நிரப்பும்போது தீப்பற்றி, எரிவது யார், எங்கே என்று தெரியாமல் ஆட்கள் தடுமாறினார்கள். 2007இல் அந்தத் தொடர் எத்தனாலுக்குப் போனது. பாதுகாப்பு, விலை, சுற்றுச்சூழல் என்று ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு காரணத்துக்காகப் பந்தயம் எரிபொருளை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. பெட்ரோல்தான் பந்தயத்தின் பூர்வீகம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதைகளைச் சொல்வது என் வழக்கம்.

சத்தம் போய்விட்டதே! அது இல்லாமல் என்ன பந்தயம்?

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 1999 அக்டோபரில் செப்பாங்கில் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தபோது புல்மேட்டில் நின்றிருந்தேன். எட்டி இர்வைன் ஃபெராரியில் வென்ற பந்தயம் அது. மூன்று லிட்டர் வி10 இயந்திரங்களின் கதறல் காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சுக்கூட்டில் இறங்கும். பக்கத்தில் நின்ற என் தம்பியின் உதடு அசைந்தது தெரிந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. வீடு திரும்பிய பிறகும் இரவு முழுவதும் காதுக்குள் அந்தச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. அதை இழந்தவர்களின் ஏக்கம் எனக்கும் உண்டு.

2014 மார்ச்சில் புதிய இயந்திரங்கள் செப்பாங்குக்கு வந்தன. சத்தம் இறங்கிவிட்டது. ரசிகர்கள் பலர் கோபத்தோடு பேசினார்கள். நான் தடத்தின் ஓரத்தில் நின்றிருந்தேன். அன்று முதன்முறையாக டயர் தரையைப் பற்றிக்கொண்டு முனகுவதைக் கேட்டேன். வளைவில் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை எந்தக் கணத்தில் விடுகிறார், எப்போது மீண்டும் மிதிக்கிறார் என்பதைக் காதாலேயே பிரித்து அறிய முடிந்தது. முன்பு பேரிரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடந்த வேலைத்திறன் அது. தவில் ஓயும்போதுதான் நாகஸ்வரக்காரரின் மூச்சு கேட்கும்.

ஆகவே சத்தம் வேண்டும் என்பவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. காற்றிலிருக்கும் கரிமத்தைக் கொண்டு செய்யும் நிலைத்த எரிபொருளை ஊற்றினாலும் இயந்திரம் கர்ஜிக்கத்தான் செய்யும். பெட்ரோலை விட்டால் சத்தத்தையும் விட்டுவிட வேண்டும் என்பது மின்சாரப் பந்தயத்துக்கு மட்டுமே பொருந்தும்.

பந்தயத்தில் உண்மையான மாசு எங்கே இருக்கிறது?

காரில் இல்லை என்று சொன்னால் பலரும் நம்ப மறுக்கிறார்கள். ஃபார்முலா ஒன் அமைப்பே தன் கணக்கை வெளியிட்டது. 2018ஆம் ஆண்டுக்கான மொத்த வெளியேற்றம் 2,56,551 டன் கரியமில வாயுவுக்குச் சமம். அதில் பந்தயக் கார்களின் இயந்திரங்கள் உமிழ்ந்தது 0.7 விழுக்காடு. 45 விழுக்காடு, கார்களையும் கருவிகளையும் டயர்களையும் நாடு நாடாகத் தூக்கிச் சென்றதால் வந்தது. ஏறத்தாழ 28 விழுக்காடு அணியினரின் பயணம். ரசிகர்கள் வந்துபோனது இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

செப்பாங் தடம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொடியோடு நிற்கும்போது தலைக்கு மேல் விமானங்கள் இறங்கிக்கொண்டே இருக்கும். 2025 வரை ஓடிய 20 கார்கள் ஒவ்வொன்றும் 110 கிலோ எரித்தாலும் ஒரு முழுப் பந்தயத்துக்கு 2,200 கிலோதான். நான்கு இயந்திரம் கொண்ட பெரிய சரக்கு விமானம் ஒரு மணி நேரத்தில் 10 டன் அளவுக்கு எரிக்கும். அதனால் பந்தயம் பசுமையாக வேண்டுமென்றால் முதலில் நாட்காட்டியைத் திருத்த வேண்டும்: ஆசியப் பந்தயங்களை அடுத்தடுத்து வைக்க வேண்டும், அவசரமில்லாத சரக்கைக் கப்பலில் அனுப்ப வேண்டும். மக்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் தடத்துக்கு வர வழி செய்ய வேண்டும். செப்பாங்கில் மோட்டோஜிபி என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலையில் ஊர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அப்படியானால் 0.7 விழுக்காட்டுக்காகக் காரை மாற்றுவது வீண்தானே?

வீண் இல்லை. தடத்தில் ஓடுவது இருபது சொச்சம் கார்; அதில் பழகிய நுட்பம் சாலைக்கு இறங்கினால் கோடிக்கணக்கான கார்களில் வேலை செய்யும். இதைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

நிலைத்த எரிபொருள் என்பது என்ன?

பூமிக்கடியிலிருந்து எடுத்த எண்ணெய் எரிந்தால், பல கோடி ஆண்டுகள் புதைந்து கிடந்த கரிமம் புதிதாகக் காற்றில் சேர்கிறது. இப்போது காற்றில் இருக்கும் கரிமத்தைச் செடி வழியாகவோ ஆலை வழியாகவோ பிடித்து எரிபொருளாக்கினால், எரியும்போது அதே கரிமம்தான் திரும்பிப் போகும். நிலைத்த எரிபொருளின் அடிப்படை இதுதான். அது இரண்டு வழிகளில் வருகிறது. வைக்கோல், மரத்தூள், நகரக் குப்பை, பயன்படுத்திய சமையல் எண்ணெய் போன்றவற்றிலிருந்து எடுப்பது ஒன்று. தண்ணீரைப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, பிடித்து வைத்த கரியமில வாயுவோடு சேர்த்துச் செயற்கைப் பெட்ரோல் ஆக்குவது மற்றொன்று.

பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 2022 முதல் திராட்சை மது தயாரிப்பின் எச்சத்திலிருந்து எடுத்த எரிபொருள் ஊற்றுகிறார்கள். மோட்டோஜிபியில் 2024 முதல் குறைந்தது 40 விழுக்காடு புதைபடிவம் அல்லாத எரிபொருள். 2027இல் அது முழுமையாகும். ஃபார்முலா ஒன் 2026 விதிகளில் எரிபொருள் முழுவதும் நிலைத்ததாக இருக்க வேண்டும். மின் மோட்டாரின் ஆற்றலும் 120 கிலோவாட்டிலிருந்து 350 கிலோவாட்டாக உயர்கிறது. இந்த விதிகள் ஔடியை உள்ளே இழுத்தன. வெளியேறுவதாக அறிவித்திருந்த ஹோண்டாவைத் திரும்பக் கொண்டுவந்தன.

ஒன்றை மறைக்கக் கூடாது. செயற்கைப் பெட்ரோல் செய்வதில் மின்சாரத்தின் பெரும்பகுதி வழியிலேயே கரைந்துபோகிறது. அதே மின்சாரத்தை நேராக ஒரு மின்சாரக் காரில் ஏற்றினால் பல மடங்கு தொலைவு போகலாம். ஆகவே உங்கள் வீட்டு மைவி காருக்குச் செயற்கைப் பெட்ரோல் தீர்வாகும் என்று நான் நம்பவில்லை. விமானம், கப்பல் போன்றவற்றுக்கு அது தேவைப்படும். பந்தயம் அதற்கான சோதனைக் களம்.

நம் நாட்டில் செம்பனை இருக்கிறதே, அதையே பந்தயக் காரில் ஊற்றலாமே?

எனக்கு மிக நெருக்கமான கேள்வி இது. என் அம்மா கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். மலேசியாவில் வணிக நோக்கில், பாமாயில் தரும் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது 1917இல், அதே கோலசிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில். பெயரிலேயே நம் மொழி இருக்கிறது. இன்று நாட்டில் ஏறத்தாழ 56 லட்சம் ஹெக்டேர் நிலத்தில் செம்பனை நிற்கிறது. இந்த எண்ணெயின் வரலாற்றில் நம்மவர் வியர்வை கலந்திருக்கிறது. எரிபொருளாக அது எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை மற்ற யாரையும்விட நமக்கு அதிகம்.

செம்பனை எண்ணெய் ஏற்கெனவே நம் சாலையில் ஓடுகிறது. டீசலில் 2011இல் 5 விழுக்காடு, பிறகு 7, 2019இல் போக்குவரத்துத் துறைக்கு 10 விழுக்காடு என்று செம்பனை பயோடீசல் கலக்கப்பட்டு வருகிறது. டீசலில் பந்தயம் ஓட முடியுமா என்று கேட்பவர்களுக்கு: 2006இல் ஔடி டீசல் காரில் லெ மான் பந்தயத்தை வென்றது. எனவே தொழில்நுட்பம் தடை இல்லை.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. உணவுக்கான எண்ணெயை எரித்தால், அந்த இடத்தை நிரப்ப இன்னொரு காட்டை அழித்து நடவு செய்வார்கள் என்பது உலகம் எழுப்பும் கேள்வி. காட்டை அழித்து நட்ட மரத்தின் எண்ணெயில், வெட்டிய காட்டின் கரிமம் கடனாக நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் செம்பனை எரிபொருளை 2030க்குள் படிப்படியாக ஒதுக்க முடிவு செய்ததற்கு இதுவே காரணம் என்று சொல்கிறது. தங்கள் நாட்டு எண்ணெய் வித்துகளைக் காப்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள் என்று இங்கே பலர் வாதாடுகிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது என்பது என் கருத்து. ஃபார்முலா ஒன் விதிகளும் உணவுப் பயிரை ஏற்பதில்லை. அந்த விதியை நான் ஆதரிக்கிறேன். சமையல் எண்ணெய் விலை ஏறும்போது முதலில் அடிபடுவது அம்மா போன்றவர்களின் அடுப்படிதான்.

ஆனால் செம்பனையில் எண்ணெய் மட்டுமா இருக்கிறது? 100 கிலோ பழக்குலையை ஆலைக்குள் அனுப்பினால் சுமார் 20 கிலோ எண்ணெய் கிடைக்கும். அதற்குச் சற்று அதிகமாகவே பழம் நீங்கிய வெறுங்குலை மிஞ்சும். அந்த நாரை உடைத்துச் சர்க்கரையாக்கி நொதிக்க வைத்தால் எத்தனால் எடுக்கலாம். ஆலைக் கழிவுநீர்க் குளங்களிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. அதைக் காற்றில் விடாமல் பிடித்து எரிபொருளாக்கினால் இரட்டை நன்மை. அம்மா வேலை செய்த காலத்தில் அந்தக் குளத்துப் பக்கம் போனாலே மூக்கைப் பொத்திக்கொள்வோம். அந்த நாற்றத்துக்குள் எரிபொருள் இருந்தது என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

பெட்ரோனாஸ், இத்தாலியின் எனிலைவ், ஜப்பானின் யூக்லினா ஆகிய மூன்றும் சேர்ந்து ஜொகூர் பெங்கெராங்கில் ஆண்டுக்கு 6,50,000 டன் கழிவு எண்ணெய்களையும் கொழுப்புகளையும் எரிபொருளாக்கும் ஆலை கட்ட 2024இல் முடிவெடுத்தன. மெர்சிடிஸ் ஃபார்முலா ஒன் அணிக்கு எரிபொருள் தருவதும் பெட்ரோனாஸ்தான். உலகின் உச்சப் பந்தயத்தில் ஓடும் எரிபொருளின் பின்னால் ஒரு மலேசியப் பெயர் இருக்கிறது. வெறுங்குலையிலிருந்து எடுத்த துளி ஒன்று என்றாவது அந்தத் தொட்டியில் இருக்க வேண்டும். குலை வெட்டுகிறவரின் சம்பளச் சீட்டிலும் அதன் பங்கு தெரிய வேண்டும். இரண்டாவது நடக்காமல் முதலாவது மட்டும் நடந்தால் அதைப் பசுமை என்று அழைக்க எனக்கு மனம் வராது.

புத்ராஜெயாவில் மின்சாரக் கார்ப் பந்தயம் நடந்ததே, அதில் என்ன தெரிந்தது?

ஃபார்முலா இ தொடங்கியது 2014 செப்டம்பரில், பெய்ஜிங்கில். இரண்டாவது பந்தயமே நம்மிடம், 2014 நவம்பர் 22 அன்று புத்ராஜெயாவில். சாம் பேர்ட் வென்றார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் மஹிந்திரா அணிக்காக ஓட்டினார். 2015இல் அங்கே மீண்டும் நடந்தபோது லூகாஸ் டி கிராசி வென்றார். அதற்குப் பிறகு அந்தத் தொடர் நம் பக்கம் திரும்பவில்லை.

அப்போதைய காரில் பயன்படுத்தக்கூடிய மின்சாரம் 28 கிலோவாட் மணி. பெட்ரோலாகக் கணக்கிட்டால் சுமார் மூன்று லிட்டர். காப்சாய் என்று நாம் சொல்லும் சிறிய மோட்டார் சைக்கிளின் தொட்டியில் பிடிப்பதைவிடக் குறைவு. ஆனால் மின்கலத்தின் எடை 200 கிலோவுக்கும் மேல். அதனால் பந்தயத்தின் நடுவில் ஓட்டுநர் இறங்கி இரண்டாவது காருக்கு மாற வேண்டியிருந்தது. பார்வையாளர்கள் வியப்போடு பார்த்தார்கள். 2018 டிசம்பரில் தொடங்கிய பருவத்தில் ஒரே மின்கலத்தில் முழுப் பந்தயமும் ஓடும் கார் வந்துவிட்டது. நான்கே ஆண்டுகள்! மூன்றாம் தலைமுறைக் காரில் பின்சக்கரத்துக்கு வழக்கமான பிரேக்கே இல்லை. மோட்டாரே எதிர்விசை கொடுத்து நிறுத்துகிறது. பந்தயத்தில் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ 40 விழுக்காடு அப்படிப் பிரேக் போட்டு மீட்டதுதான்.

வெப்பமும் ஒரு பாடம். மின்கலத்துக்கு 20 முதல் 40 டிகிரி வரை சுகமான வெப்பநிலை. நம் ஊர் மதிய வெயில், தார்ச்சாலையின் அனல், வேகமாக ஏறி இறங்கும் மின்னோட்டம் மூன்றும் சேர்ந்தால் அது தவித்துப்போகும். முதல் தலைமுறைக் கார்களை இடைவேளைகளில் உலர்பனி வைத்துக் குளிர்வித்தார்கள். கோலாலம்பூர் வெயிலைத் தாங்கிய மின்கலம் வேறு பல ஊர்களின் வெயிலையும் தாங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புத்ராஜெயா எழுந்த நிலம் ஒருகாலத்தில் பெராங் பெசார் தோட்டம். நம் குடும்பங்கள் அங்கே வேலை செய்து, பிறகு டிங்கிலுக்கு இடம்பெயர்க்கப்பட்டன. அந்தச் சாலையில் புகையில்லாத கார்கள் பறந்த மதியத்தில் எனக்கு அவர்களின் நினைவு வந்தது.

ஹைட்ரஜன்?

டொயோட்டா 2021 முதல் ஜப்பானில் ஒரு கொரோலாவை ஹைட்ரஜனை எரிக்கும் இயந்திரத்தோடு 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டுகிறது. 2023 முதல் அதற்குத் திரவ ஹைட்ரஜன். எரித்தால் முக்கியமாக நீராவிதான் வரும், இயந்திரச் சத்தமும் இருக்கும் என்பதால் பலருக்கு ஆசை. ஆனால் திரவமாக வைக்க மைனஸ் 253 டிகிரி குளிர் வேண்டும். தொட்டி பெரிது, நிரப்பும் ஏற்பாடு சிக்கல். மேலும் உலகில் இன்று தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பங்கு இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. இன்னும் காலம் வேண்டும்.

மின்சாரக் கார் தீப்பிடித்தால்? ஓட்டுநருக்கும் உங்களுக்கும் ஷாக் அடிக்காதா?

பயம் நியாயமானது. 2008இல், பிரேக் ஆற்றலை மீட்கும் கருவி புதிதாக வந்தபோது, ஸ்பெயினில் நடந்த சோதனை ஓட்டத்தில் காரைத் தொட்ட மெக்கானிக் ஒருவரை மின்சாரம் தூக்கி எறிந்தது. 2009 ஏப்ரலில் செப்பாங்கின் வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே ஒரு முன்னணி அணியின் காரில் அந்தக் கருவி பழுதாகிப் புகை கிளம்பியது. அதற்குப் பிறகு மார்ஷல்களின் வேலையே மாறிவிட்டது.

இப்போது காரின் மேல் ஒரு விளக்கு இருக்கிறது. பச்சை எரிந்தால் தொடலாம். சிவப்பு எரிந்தாலும் தொடக் கூடாது, விளக்கே எரியாவிட்டாலும் தொடக் கூடாது. ஓட்டுநர் இறங்கும்போது ஒரு கால் தரையிலும் ஒரு கை காரிலும் இருக்கக் கூடாது. காரின் மேல் ஏறி நின்று இரு கால்களையும் சேர்த்துத் தாண்டிக் குதிக்க வேண்டும். நாங்கள் மின்காப்புக் கையுறை இல்லாமல் கிட்டே போவதில்லை. மின்கலத் தீ பெட்ரோல் தீயைப் போல நுரைக்கு அடங்காது. ஒரு செல்லின் வெப்பம் அடுத்த செல்லைக் கொளுத்திக்கொண்டே போகும். ஏராளமான தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும். அணைந்ததாகத் தெரிந்தாலும் மணிக்கணக்கில் காவல் இருக்க வேண்டும். 2019 மார்ச்சில் ஸ்பெயினின் ஹெரெஸ் தடத்தில் மோட்டோஇ தொடரின் கூடாரம் தீப்பற்றி அத்தனை மின்சார மோட்டார் சைக்கிள்களும் சாம்பலாயின. உயிர்ச்சேதம் இல்லை.

பெட்ரோல் ஆபத்து இல்லாததா? அதோடு நூறு ஆண்டுகள் பழகிவிட்டோம், அவ்வளவுதான்.

மழையில்?

மின்பாகங்கள் முழுவதும் அடைக்கப்பட்டிருக்கும். மழையில் ஓட்டலாம். செப்பாங்கின் மாலை மழைக்கு முன்னால் பெட்ரோல் காரும் மின்சாரக் காரும் ஒன்றுதான். 2009இல் பந்தயத்தைப் பாதியில் நிறுத்திப் பாதிப் புள்ளி கொடுத்தார்கள்.

இந்த முயற்சிகள் தோற்ற இடமே இல்லையா?

இருக்கிறது. உலக ராலித் தொடரின் உச்சப் பிரிவில் 2022இல், பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் கலப்பின இயந்திரம் கொண்டுவந்தார்கள். செலவும் சிக்கலும் கூடியதால் 2025இல் எடுத்துவிட்டார்கள். நிலைத்த எரிபொருளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மோட்டோஇ தொடர் 2025 பருவத்தோடு நிறுத்தி வைக்கப்பட்டது. ரசிகர்களின் மனம் அதில் ஒட்டவில்லை. மோட்டார் சைக்கிளில் எடை கூடினால் வளைவில் சாயும் அழகு போய்விடும். சுற்றுகளும் மிகக் குறைவாக இருந்தன. இதைச் சொல்வதற்கு நான் தயங்குவதில்லை. தோற்றது எது, ஏன் தோற்றது என்று எல்லார் கண்முன்னாலும் தெரிவதும் பந்தயத்தின் பயன்தான்.

சரி, நம் சாலைக்கு இதிலிருந்து என்ன வந்தது?

நான் சொல்ல விரும்பும் கதை ஒரு சக்கரத்தைப் பற்றியது. ஃபார்முலா ஒன் 2009இல் பிரேக் ஆற்றலை மீட்க அனுமதித்தபோது, வில்லியம்ஸ் நிறுவனம் மின்கலத்துக்குப் பதிலாக அதிவேகமாகச் சுழலும் ஒரு சக்கரத்தில் ஆற்றலைச் சேமிக்கும் கருவியை உருவாக்கியது. அந்த ஆண்டு அது ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடவே இல்லை. ஆனால் ஔடி அதை எடுத்துக்கொண்டு 2012இல் லெ மானில் வென்றது. அங்கே வென்ற முதல் கலப்பினக் கார் அதுதான். பிறகு அந்தத் தொழில்நுட்பம் பிரிட்டனில் நகரப் பஸ்களுக்குப் போனது. பஸ்ஸை எண்ணிப் பாருங்கள்: நிறுத்தத்துக்கு நிறுத்தம் பிரேக், மீண்டும் புறப்பாடு. பந்தயக் காரைவிட அதற்குத்தான் இந்தக் கருவி பொருந்தும்.

நம் ஊரில் சன்வேயில் 2015 முதல் மின்சார பஸ்கள் தனிப்பாதையில் ஓடுகின்றன. அவையும் பிரேக் போடும்போது மின்சாரத்தை மீட்கின்றன. புரோட்டோனும் பெரோடுவாவும் மின்சாரக் கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டன. தீபகற்பத்தின் மின்சாரம் இன்னும் பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்படி இருந்தும் மின்மோட்டார் தனக்குக் கிடைத்த ஆற்றலில் 90 விழுக்காட்டுக்கு மேல் வேலையாக்கிவிடுவதால் கணக்கு பெட்ரோலுக்குச் சாதகமாக முடிவதில்லை.

ஃபார்முலா ஒன் செப்பாங்குக்குத் திரும்புமா?

2017 அக்டோபர் 1 அன்று மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் வென்றதோடு இங்கே முடிந்தது. செலவுக்கு ஏற்ற வருமானம் இல்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். பசுமை எரிபொருள் அந்தக் கணக்கை மாற்றிவிடாது. எனக்கு ஆசை இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தில் பாதியை உள்ளூர் இளைஞர்கள் மின்சார மோட்டார் சைக்கிளும் மாற்று எரிபொருளும் பழகும் ஒரு பந்தயத் தொடருக்குக் கொடுத்தால் அதை நான் இன்னும் பெரிதாகக் கொண்டாடுவேன்.

என் மகன் மெக்கானிக் ஆக விரும்புகிறான். இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் உண்டா?

சென்ற மாதம் ஓர் அக்கா தன் மகனோடு வந்து கேட்டார். உண்டு, ஆனால் பாடம் மாறிவிட்டது என்றேன். கார்புரேட்டர் கழுவத் தெரிந்தால் போதும் என்ற காலம் என்னோடு முடிகிறது. மின்னியலும் வெப்பவியலும் கொஞ்சம் வேதியியலும் வேண்டும். தொழிற்பயிற்சிக் கல்லூரியில் உயர் அழுத்த மின் வாகனப் பாடம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

அந்தப் பையனை அன்று மாலை வரை பட்டறையில் இருக்கச் சொன்னேன். ஒரு கலப்பினக் காரின் மூடியைத் திறந்து ஆரஞ்சு நிறக் கம்பிகளைக் காட்டினேன். ஆரஞ்சைப் பார்த்தால் கை பின்னால் போக வேண்டும் என்பதுதான் முதல் பாடம். பிறகு மின்காப்புக் கையுறையைக் கொடுத்து, அதன் வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்துக் கன்னத்தோரம் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் காற்று கசிந்து கன்னத்தில் படும். பட்டால் அந்தக் கையுறையை வெட்டிக் குப்பையில் போட வேண்டும். ஒவ்வொரு முறை அணிவதற்கு முன்பும் இதைச் செய்ய வேண்டும். செப்பாங்கில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது. அவன் இரண்டு கையுறைகளையும் மூன்று முறை சோதித்துவிட்டுத்தான் கையில் மாட்டினான்.